சிரிப்பு சூப்பர் ஹீரோவை மறுபடியும் டிவிக்குக் கொண்டுவருவது எப்படி: மட்டக்களப்பில் இருந்து சில யோசனைகள்

பழைய சிரிப்பு சூப்பர் ஹீரோ தொடர் ஒன்றை இந்தக் காலத்துக்கு ஏற்ற மாதிரி திரும்ப எடுப்போம் என்று யாராவது சொன்னால், எல்லோரும் முதலில் கை வைப்பது ஹீரோ மேல்தான். உடுப்பை மாற்று, கையில் ஒரு போனைக் கொடு, சின்ன வயதில் ஒரு சோகத்தைச் செருகு, அப்புறம் தன்னைத் தானே கிண்டலடிக்க வை. அங்கேதான் கதை கெட்டுப்போகிறது. ஹீரோவை அப்படியே விடுங்கள். மாற்ற வேண்டியது அவனுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளையும், அவன் வந்து இறங்குகிற ஊரையும்தான். மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் வெப் சீரிஸ் எடுக்கலாம் என்று கமராவும் கையுமாகத் திரிகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

இதற்கு நல்ல பாடம் 'தி டிக்'. பென் எட்லண்ட் என்பவர் 1986இல் ஒரு காமிக்ஸ் கடையின் செய்தி மடலுக்காக வரைந்த பகிடிப் பாத்திரம் அது. நீல நிற உடுப்பு, மலை மாதிரி உடம்பு, குழந்தை மாதிரிப் புத்தி. 1994இல் கார்ட்டூனாக வந்தது. 2001இல் பேட்ரிக் வார்பர்ட்டன் நடித்து நிஜ ஆட்களோடு வந்து, ஒன்பதே அத்தியாயங்களோடு முடிந்தது. பிறகு 2016இல் அமேசான் ஒரு முன்னோட்ட அத்தியாயம் எடுத்துப் பார்த்து, 2017இல் பீட்டர் செராபினோவிச்சை வைத்துத் தொடராக வெளியிட்டு இரண்டு சீசன் ஓட்டியது. மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள், டிக் பெரிதாக மாறியிருக்க மாட்டான். எல்லாவற்றிலும் அதே நீளமான வீர வசனம், அதே அசைக்க முடியாத நம்பிக்கை.

மாறினது ஆர்தர். டிக்கின் கூட்டாளி, தொழில் கணக்காளர், வெள்ளை உடுப்பில் அந்துப்பூச்சி மாதிரி இருப்பார். கார்ட்டூனில் அவர் வெறும் பயந்தாங்கொள்ளி. 2017 தொடரில் பாருங்கள்: சின்னப் பையனாக இருக்கும்போது அவன் கண் முன்னாலேயே ஒரு ஹீரோ கூட்டத்தின் விமானம் விழுந்து அப்பா செத்துப் போகிறார், அதைச் செய்த வில்லன் இறங்கி வந்து அந்தப் பையனின் ஐஸ்கிரீமையும் எடுத்துத் தின்றுவிட்டுப் போகிறான். வளர்ந்த பிறகு, அந்த வில்லன் சாகவில்லை என்று ஆர்தர் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. மருந்து குடி என்கிறார்கள், சகோதரி பயப்படுகிறாள். இந்த நிலைமையில் ஒரு நீல மனிதன் வந்து "விதி உன்னை அழைக்கிறது" என்கிற மாதிரிப் பேசினால் எப்படி இருக்கும்? சிரிப்பு வருகிறது, கூடவே நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது. இன்றைக்குப் பார்க்கிறவர்களுக்கு வேண்டியது இதுதான். ஹீரோவை நம்பலாமா என்று சந்தேகப்படுகிற ஒரு ஆள் உள்ளே இருக்க வேண்டும், ஏனென்றால் பார்க்கிற நாங்களும் அப்படித்தான் இருக்கிறோம்.

எங்கள் ஊரில் இந்த ஆளை வேறு எங்கேயும் தேடத் தேவையில்லை. கூத்துக் களரியில் ராஜா கொலுவுக்கு வருகிறார் என்று அறிவித்துவிட்டு அதே வாயால் பகிடி விடுகிறானே கட்டியக்காரன், அவன்தான் ஆர்தர். ராஜா சிரிக்க மாட்டார். மத்தளத்துக்கு அடி எடுத்து வைத்து, தன் பெருமையைத் தானே பாடி, முழு வீரத்தோடு வரவு ஆடுவார். சிரிப்பு பக்கத்தில் இருந்து வரும். இரண்டு பேரும் பகிடி விட்டால் கூத்து நாறிப் போகும் என்று கூத்துப் பழக்குகிற எந்த அண்ணாவியாரைக் கேட்டாலும் சொல்லுவார்.

ஹீரோ சிரிக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு சாட்சி 1966இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் வந்த பேட்மேன் தொடர். முதல் இரண்டு சீசனும் வாரத்துக்கு இரண்டு நாள், 1968 வரைக்கும் மொத்தம் 120 அத்தியாயங்கள். ஆடம் வெஸ்ட் எவ்வளவு கோமாளித்தனமான வசனத்தையும் செய்தி வாசிக்கிற முகத்தோடு சொன்னார், பின்னணியில் பதிவு செய்த சிரிப்பொலியும் போடவில்லை. பிள்ளைகளுக்கு அது சாகசம், பெரியவர்களுக்கு அதே காட்சி பகிடி. நடிகர் ஒரு தடவை கமராவைப் பார்த்துக் கண்ணடித்திருந்தால் பிள்ளைகள் பக்கம் அன்றைக்கே போயிருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். எழுதத் தொடங்குவதற்கு முன்னால் பழைய தொடரைப் பார்த்தவர்கள் நாலைந்து பேரிடம், வெவ்வேறு வயதுக்காரர்களாகப் பிடித்து, என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். கதை ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு கத்தல், ஒரு நடை, ஒரு வசனம், மூக்குக் கண்ணாடி, இவ்வளவுதான் வரும். அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை எறியலாம். தூரதர்ஷனில் 1997இல் தொடங்கிய சக்திமானில் முகேஷ் கன்னா சாதாரண நேரத்தில் கண்ணாடி போட்ட, பல்லு நீண்ட கங்காதராக வருவாரே, அதை ஒரு தடவை பார்த்தவரும் மறக்க மாட்டார். அத்தியாயம் முடிய அவர் பிள்ளைகளுக்குச் சொன்ன புத்திமதி? இன்றைக்கு அந்த இடத்தில் எந்தப் பிள்ளையும் விரலால் தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடும். புத்திமதி சொல்லியே ஆக வேண்டும் என்றால் கதைக்குள்ளே கரையுங்கள்.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தள்ளிப்போட வேண்டாம். 2001 டிக் தொடரில் கார்ட்டூனில் வந்த சில பாத்திரங்களை உரிமைச் சிக்கலால் பாவிக்க முடியாமல், அதே சாயலில் வேறு பெயரில் புதுப் பாத்திரங்களை உண்டாக்க வேண்டி வந்தது. பாத்திரத்தைப் படைத்தவர் கூடவே இருந்தும் அந்தக் கதி. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைத்தவர் இறந்து 70 வருடம் வரைக்கும் பதிப்புரிமை இருக்கிறது. ஆகவே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அந்த வகையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளைச் சொந்தமாக உண்டாக்குங்கள். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும்.

இனி ஊர். வெளிநாட்டுக் கதையை எங்கள் பக்கம் கொண்டுவரும்போது இடறுகிற இடம் முகமூடி. நியூயோர்க்கில் முகமூடி போட்டவன் ராத்திரியில் கூரையில் பாய்ந்தால் அவன் ஹீரோ. 2011 ஆகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு ராத்திரியில் ஆட்களைத் தாக்குகிற கிறீஸ் பூதம் வருகிறது என்று பொல்லும் டோர்ச்சும் எடுத்துக்கொண்டு விடிய விடிய ஆட்கள் முழித்திருந்த இந்தப் பகுதியில் அப்படிப் பாய்ந்தவன் உயிரோடு கீழே இறங்க மாட்டான். அதற்கும் முந்திய காலத்தில், சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு ஜீப்புக்குள் இருந்து தலையாட்டிக் காட்டிக்கொடுத்தவர்களால் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இங்கே இன்னும் இருக்கிறார்கள். முகம் மூடின ஆளைப் பார்த்துச் சிரி என்று அவர்களிடம் கேட்க முடியாது. அதனால் நான் சொல்லுவது, எங்கள் ஹீரோ பகலில் வரட்டும், முகத்தைத் திறந்துகொண்டு வரட்டும். யாராவது ஒரு தடவை பொல்லோடு துரத்தினால் அது நல்ல அத்தியாயம், ஆனால் துரத்துகிறவர்கள் முட்டாள்களாக இருக்கக் கூடாது, அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

பெயரிலும் கவனம். சூறாவளி, பேரலை என்றெல்லாம் ஹீரோவுக்குப் பெயர் வைத்துவிடாதீர்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதியையும் 2004 டிசம்பர் 26ஆம் திகதியையும் பார்த்த ஊர் இது.

முகமூடி போனால் ரகசிய அடையாளம் என்னாகும் என்று கேட்பீர்கள். அது இங்கே எப்படியும் நிற்காது. ஆருட மகன், என்ன குடி (தாய்வழி வம்சம்), தாய் எந்த ஊர் என்று மூன்று கேள்வியில் எந்த ஹீரோவையும் அவிழ்த்துவிடுகிற கிழவிமார் தமிழ் ஊரிலும் இருக்கிறார்கள், முஸ்லிம் ஊரிலும் இருக்கிறார்கள். அதையே பகிடியாக்குங்கள். உதாரணத்துக்கு ஒரு காட்சி எழுதிக் காட்டுகிறேன். ஹீரோவின் பெயர் இடிமுழக்கம். கூட்டாளி நவம், பிரதேச செயலகத்தில் அஸ்வெசும என்கிற அரசாங்க நிவாரணக் கொடுப்பனவு மேன்முறையீடுகளைப் பார்க்கிற கிளாக்கர். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வீடு, வேலிக்கு வெளியே யானை நிற்கிறது. இடிமுழக்கம் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறான்.

"அஞ்சாதீர்கள் தாயே! அநீதி எங்கே தலையெடுக்கிறதோ, அங்கே நான் வந்து நிற்பேன்!"

"அது கிடக்கட்டும் மனே. நீ ஆருட மகன்?"

"நான் நீதியின் மகன்!"

"ஆரு, கன்னன்குடா நீதியா? அவளுக்கு ரெண்டும் பொட்டப்புள்ளயெல்லோ."

நவம் பின்னால் நின்று மெல்லச் சொல்லுகிறான்: "சேர், கதவு திறந்துதான் கிடந்தது."

"செவரு கட்டுறதுக்கு ஆருகா காசு தாற? மறுகா வா எண்டு மட்டும் சொல்லாத, எல்லாரும் அதத்தான் சொல்லுற."

நவம் பையைத் திறந்து ஒரு படிவத்தை எடுக்கிறான். மூன்று பிரதி.

இதில் இடிமுழக்கம் ஒரு பகிடியும் விடவில்லை. கிழவியும் விடவில்லை, அவளுக்கு உண்மையாகவே சுவர் வேண்டும். "எல்லாரும் அதத்தான் சொல்லுற" என்கிற இடத்தில் நவத்தின் முகத்தைக் கமரா பார்க்க வேண்டும், ஏனென்றால் அப்படிச் சொல்லி அனுப்புகிற ஆட்களில் அவனும் ஒருவன். ஹீரோ யானையைத் துரத்துவான், அது பெரிய விஷயமில்லை, நவம் அந்தப் படிவத்தை என்ன செய்யப் போகிறான் என்பதுதான் உங்களுடைய முதல் சீசன்.

வில்லனை மட்டும் கோமாளியாக்க வேண்டாம். ஹீரோ சிரிப்பு, வில்லனும் சிரிப்பு என்றால் பார்க்கிறவருக்கு யாரைப் பற்றியும் கவலை வராது. எங்கள் பக்கம் ஆட்களை உண்மையில் நடுங்க வைப்பது எது என்று யோசியுங்கள். நுண்கடன் தவணைக்கு வாசலில் வந்து நின்று போக மாட்டேன் என்கிறவன், ஆற்றில் இரவோடு இரவாக மண் அள்ளுகிறவன். இவர்கள் மரியாதையாகப் பேசட்டும், தேத்தண்ணி வாங்கிக் குடிக்கட்டும். ஐஸ்கிரீம் தின்ற வில்லன் ஏன் மனதில் நிற்கிறான் என்று அப்போது விளங்கும்.

நீளம் பற்றி ஆட்கள் தேவையில்லாமல் சண்டை பிடிக்கிறார்கள். விடிய விடிய ஆடின மட்டக்களப்புக் கூத்தை 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் சுருக்கி நவீன மேடைக்குக் கொண்டுபோனார். ஆட்டமும் மத்தளமும் பாட்டும் இருந்தன, திரும்பத் திரும்ப வருகிறதை வெட்டினார்கள். அப்போதும் ஏசினவர்கள் இருந்தார்கள், ஆனாலும் அந்தப் பாதையில் வந்த சி. மௌனகுரு போன்றவர்களால்தான் படித்த பொடியன்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்களும் அப்படி வெட்டுங்கள். போனில் பார்க்கிறவருக்குப் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் போதும். பஸ்ஸில் சத்தமில்லாமல் பார்க்கிறவர்கள் அதிகம், ஆகவே வசனம் கீழே எழுத்தில் ஓட வேண்டும், சிங்களத்திலும் ஓடவிட்டால் இன்னும் நல்லது.

பறக்கிறதைக் காட்டக் காசு இல்லையா, காட்டாதீர்கள். கல்லடிப் பாலத்தில் நிற்கிற மீன்காரர் அண்ணாந்து பார்க்கட்டும், சத்தம் வரட்டும், அடுத்த காட்சியில் ஹீரோ வாவிக் கரையில் நனைந்துபோய், காலில் வலை சிக்கிக்கொண்டு, அதே வீர முகத்தோடு நிற்கட்டும். மலிவான கிராபிக்ஸை விட இது நன்றாகச் சிரிக்க வைக்கும்.

பேச்சைச் சென்னை டப்பிங் மாதிரி ஆக்கினால் எல்லாம் வீண். ஹீரோ மட்டும் புத்தகத் தமிழில் பேசட்டும், அது அவனுடைய வியாதி. மற்ற எல்லோரும் ஊர்ப் பேச்சு. காத்தான்குடிக் குடும்பம் வந்தால் அந்த வசனங்களைக் காத்தான்குடி ஆள் ஒருவர் வாசித்துத் திருத்த வேண்டும். வாப்பா, உம்மா என்று இரண்டு சொல்லைப் போட்டுவிட்டால் அந்த ஊர்ப் பேச்சு வந்துவிடாது.

கடைசியாக உடுப்பு. ரப்பர் உடுப்பு என்ற எண்ணத்தையே விடுங்கள், வைகாசி வெயிலில் நடிகர் மயங்கி விழுவார். மருதமுனையில் கைத்தறிப் பருத்தித் துணி எடுத்துத் தைத்தால் வியர்வையும் உறிஞ்சும், கமராவில் மினுங்காது. அமேசானே முன்னோட்ட அத்தியாயத்துக்குப் பிறகு டிக்கின் உடுப்பை மாற்றித் தைத்தது, உங்களுக்கும் அது நடக்கும். ஆகவே முதல் உடுப்புக்குப் பெரிய செலவு செய்யாமல், துணியை மட்டும் ஒரே சாயத்தில் இரண்டு மடங்காக வாங்கி வையுங்கள், அடுத்த தடவை போனால் அதே நிறம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.