காலையில் மட்டும் வந்த பெட்ரோல் வாடை

ஐப்பசி மழை விட்ட பிறகு ஒரு வாரமாக, காலையில் காரை ஸ்டார்ட் செய்தாலே பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. பத்து நிமிடம் ஓட்டினால் போய்விடும். குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகத்தான் போகும், அதுதான் சைலன்சரில் வருகிறது என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. வாடை பின்னாலிருந்து வரவில்லை, பானட் பக்கமிருந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, பானட்டைத் திறந்துவைத்தேன். இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் ‘ஆன்’ நிலைக்குத் திருப்பச் சொன்னேன் மகனிடம். அப்போது டேங்கில் உள்ள பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடி லைனில் அழுத்தம் ஏற்றும். மூன்றாவது முறை திருப்பியபோது, இன்ஜெக்டர் ரெயிலுக்கு, அதாவது இன்ஜினில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு அதைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்க்கு, போகும் ரப்பர் ஹோஸில் முத்து முத்தாக ஈரம். பக்கத்திலேயே எலிப் புழுக்கை; எலிதான் ஹோஸைக் கடித்திருக்கிறது. ஓடும்போது காற்று வாடையை அடித்துக்கொண்டு போனதே தவிர, ஒழுக்கு நிற்கவே இல்லை!

உடனே சாவியை எடுத்துவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தேன். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும் வண்டியை ஒர்க்‌ஷாப் வரை ஓட்டக் கூடாது. “சாதா ஹோஸே போதும் சார்” என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த லைனில் 3 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். அதற்கென்று உள்ள ஹோஸும் புதுக் கிளாம்பும்தான் போட்டோம். மறுபடி சாவியைத் திருப்பி, டிஷ்யூவால் ஒற்றிப் பார்த்தேன். ஈரமே இல்லை.

அப்புறம், எலி இனி வண்டிப் பக்கம் வராமலிருக்க, அங்கே இருந்த நாய்ச்சோற்றுத் தட்டைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றிவிட்டேன்.