பழைய டியூப் லைட்டை என்ன செய்வது? நெல்லை வட்டாரக் கடை, மண்டபம், மில்காரர்களுக்கு

ஆடி மாதம் மண்டபங்கள் சும்மா கிடக்கும். டியூப் லைட்டைக் கழற்றி எல்.இ.டி. மாட்டுவதும் அப்போதுதான். கழற்றியதைப் பின்வாசல் சுவரில் சாய்த்து வைத்துவிடுவார்கள். அம்மியையே தூக்கும் காற்று டியூபை விட்டுவைக்குமா? ஒன்று சரிந்தால் கூட இருபது சரியும். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. அது சாதாரண வெயில் சூட்டிலேயே ஆவியாகும்.

முதலில் தரம் பிரியுங்கள். டியூப் லைட், சி.எஃப்.எல்., சோடியம் விளக்கு, மெட்டல் ஹாலைடு ஆகியவற்றில் பாதரசம் உண்டு. குண்டு பல்பிலும் எல்.இ.டி.யிலும் கிடையாது. ஆனால் எல்.இ.டி.க்குள் சர்க்யூட் இருப்பதால், அதைப் பழைய கம்ப்யூட்டர் சாமான்களோடு சேருங்கள்.

மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள் 2022, கடந்த 1-4-2023 முதல் நடைமுறையில் இருக்கின்றன. விதிகளின் பட்டியலில் உள்ள மின் சாதனங்கள் 1,000 அல்லது அதற்கு மேல் வைத்திருந்தாலே நீங்கள் மொத்த நுகர்வோர். கம்ப்யூட்டர், ஏ.சி., டியூப் எல்லாம் கணக்கில் வரும். கொஞ்சம் பெரிய ஆஸ்பத்திரியோ கல்லூரியோ சுலபமாக அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிடும். பதிவுபெற்ற தயாரிப்பாளர், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் தவிர வேறு யாரிடமும் மொத்த நுகர்வோர் கழிவைக் கொடுக்கக்கூடாது. சின்னக் கடைக்காரர்களும் இதே வழியில் போவதே நல்லது. மாநகராட்சி வண்டியில் போட்டால் ராமையன்பட்டி குப்பைக் கிடங்குக்குப் போய்ச் சேருமுன்பே டியூப் நொறுங்கும்; அந்த ஆவி தூய்மைப் பணியாளர் மூச்சில்தான் ஏறும்.

பழைய இரும்புக் கடைக்காரர் மொத்தமாகக் கேட்பார். அவர் கண் சோக்கில் இருக்கும் செம்பின் மேல். டியூபை உடைத்து முனை மூடியை எடுத்துக்கொண்டு கண்ணாடியை எங்காவது கொட்டிவிடுவார். சோக்கையும் மறுசுழற்சியாளரிடமே கொடுங்கள். அந்த விலையைக் கழித்துக்கொண்டு கூலி பேசலாம்.

ஆள் தேடும்போது பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. மறுசுழற்சிப் பதிவு இருப்பவர் எல்லாம் டியூப் லைட் எடுக்க முடியாது. கம்ப்யூட்டர் மட்டும் பிரிக்கிறவரிடம், கண்ணாடியை மூடிய இயந்திரத்தில் உடைத்து, உள்ளே பூசியிருக்கும் வெள்ளைப் பாஸ்பர் பொடியைச் சூடாக்கிப் பாதரசம் பிரிக்கும் வசதி இருக்காது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையத்தளத்தில் பெயரைப் பாருங்கள். பதிவுச் சான்றின் நகலை வாங்கி, அதில் பாதரச விளக்கு இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று படியுங்கள். சந்தேகம் வந்தால் திருநெல்வேலியில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்கலாம்.

வண்டி வரும்வரை, புது டியூப் வந்த அட்டைப்பெட்டியிலேயே பழையதைப் போட்டு வையுங்கள். காலி அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பிறகு சாக்கில் கட்டுவதுதான் வழக்கமான தப்பு. பத்து டியூபை டேப் போட்டு இறுக்கிக் கட்டினால், பிரிக்கும்போது உடையும். வெயில் படாத, பூட்டிய அறையில், தரைக்கு மேல் பலகை போட்டு அடுக்கி, ‘பாதரச விளக்கு - உடையும்’ என்று எழுதி ஒட்டுங்கள். ஐப்பசி மழையில் நனைந்த அட்டையின் அடி பிளந்துவிடும்.

உடைந்துவிட்டால் ஏ.சி., மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் கால் மணி நேரம் வெளியே போய்விடுங்கள். விளக்குமாறும் வேக்குவம் கிளீனரும் வேண்டவே வேண்டாம். இரண்டுமே பொடியை அறையெங்கும் பரப்பும். கையுறை போட்டு, கெட்டி அட்டையால் துண்டுகளை அள்ளி, மிச்சப் பொடியை டேப்பால் ஒற்றி எடுத்து, ஈரத் தாளால் துடையுங்கள். துடைத்த தாள் உட்பட எல்லாவற்றையும் மூடி இறுகும் ஜாடியில் போட்டு, மறுசுழற்சியாளரிடமே கொடுக்க வேண்டும்.

நாலடி டியூப் ஒன்று சுமார் 200 கிராம். நூறு சேர்ந்தாலும் 20 கிலோதான். அதற்காகச் சென்னைப் பக்கமிருந்து யாரும் வண்டி அனுப்ப மாட்டார்கள். வண்ணார்பேட்டை லாட்ஜுகள், பேட்டை தொழிற்கூடங்கள், கங்கைகொண்டான் சிப்காட் கம்பெனிகள் பேசிவைத்து ஒரே நாளில் ஒரே வண்டியை வரவழைக்கலாம். ஆனால் எல்லாருடைய சரக்கையும் ஒருவர் கிடங்கில் சேர்த்து வைக்காதீர்கள். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஒருவர்தான். வண்டி ஒவ்வொரு வாசலுக்கும் வரட்டும். ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனி டெலிவரி சலான் போட்டு, எண்ணிக்கை, எடை, வண்டி எண், உடைந்தவை எத்தனை என்று எழுதி வாங்குங்கள். பின்னால் மறுசுழற்சிச் சான்று வரும்போது அதிலுள்ள எடை இந்தச் சலானோடு ஒத்துப்போக வேண்டும்.