தண்ணீர்த் தாரைக்குள் ஒளியை வளைப்பது எப்படி?

மகளின் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இந்தச் சோதனையை நான்கு முறை செய்தேன். நான்காவது முறைதான் சிவப்பு ஒளி தண்ணீரோடு சேர்ந்து வளைந்து வாளிக்குள் இறங்கியது. ஜெனீவாவில் சுவிஸ் இயற்பியலாளர் டானியல் கொலடான் செய்து, 1842இல் எழுதி வெளியிட்ட சோதனைதான் இது.

தேவையானவை: ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், லேசர், சில சொட்டுப் பால், வாளி, இருட்டறை. பாட்டில் சதுரமாக, வழவழப்பாக இருக்கட்டும். வரிவரியாகப் பள்ளம் விழுந்த குடிநீர் பாட்டில் ஒளியைச் சிதறடித்துவிடும். லேசரில் என் தேர்வு 5 மில்லிவாட்டுக்கு மிகாத சிவப்புதான். பச்சை இன்னும் பளிச்சென்று தெரியும். ஆனால் மலிவான பச்சை லேசர்களில் எழுதியிருப்பதைவிட அதிகத் திறன் வெளிவருவது உண்டு. பிள்ளைகள் கூடும் இடத்துக்கு அது வேண்டாம். எந்த லேசரானாலும் கண்ணில் படவே கூடாது.

அடியிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில், 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை போடுங்கள். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஆணியைக் காய்ச்சிக் குத்தினேன். பிளாஸ்டிக் உருகி, விளிம்பில் பிசிறாக உறைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலால் தடவியபோதுதான் நெருடியது. தண்ணீர் அதில் உரசி முறுக்கிக்கொண்டு வந்து, ஒரு சாண் தூரத்திலேயே சொட்டுச் சொட்டாக உடைந்தது. ஒளியும் அங்கேயே சிதறியது. கடைசியில் டிரில் பிட்டைக் கையாலேயே திருகித் துளைத்து, உள்ளும் புறமும் பிளேடால் சீவி, நைஸான உப்புத்தாளால் தேய்த்தேன். தாரை கண்ணாடிக் கம்பி மாதிரி அசையாமல் நின்றது.

ஓட்டை ஏன் இவ்வளவு முக்கியம்? நீருக்குள்ளிருந்து காற்றை நோக்கி வரும் ஒளி, சுமார் 48.6 டிகிரிக்கு மேல் சாய்ந்து பரப்பில் பட்டால் வெளியே போக முடியாது. முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். இதுதான் முழு அக எதிரொளிப்பு. கோணத்தைப் பரப்பிலிருந்து அளக்காதீர்கள், பரப்புக்கு வரைந்த செங்குத்துக்கோட்டிலிருந்து அளக்க வேண்டும். தாரையின் பரப்பு கரடுமுரடானால் இந்தக் கோணம் இடத்துக்கு இடம் மாறும், ஒளி கசியும்.

சரி, இனி சுலபம். ஓட்டையை டேப்பால் அடைத்துத் தண்ணீர் நிரப்பி, இரண்டு சொட்டுப் பால் விடுங்கள். கூடினால் ஒளி பாட்டிலுக்குள்ளேயே மங்கிவிடும். எதிர்ச்சுவர் வழியாக லேசரை அடித்து, புள்ளி ஓட்டையின் நடுவில் விழும்படி புத்தகங்களை அடுக்கி உயரத்தைச் சரிசெய்யுங்கள். மூடி திறந்தே இருக்கட்டும். விளக்கை அணைத்து டேப்பை உரியுங்கள். நீர்மட்டம் இறங்க இறங்கத் தாரை அதிகமாக வளையும், வளைவில் ஒளி கசியத் தொடங்கும்.

பிற்சேர்க்கை: தண்ணீர் பாயாமல் பாட்டிலின் சுவரோடு ஒட்டி வழிகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஓட்டையைச் சுற்றி வெளிப்பக்கம் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள்.

இப்போது தாரையில் விரலை வையுங்கள். விரல் பட்ட இடம் மட்டும் சிவப்பாக ஒளிரும், ஒளி அங்கே வெளியேறுகிறது. இணைய ஒளியிழையில் கண்ணாடி மையத்தைச் சுற்றி, ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) சற்றுக் குறைந்த இன்னொரு கண்ணாடி உறை இருப்பதால், ஒளி திரும்பும் பரப்பைத் தூசியோ ஈரமோ தொட வழியில்லை. காரின் மழை சென்சாருக்கோ இந்தக் கசிவுதான் வேண்டும். முகப்புக் கண்ணாடிக்குள் செலுத்தும் அகச்சிவப்பு ஒளி, கண்ணாடி காய்ந்திருந்தால் முழுவதும் திரும்பும். துளி விழுந்த இடத்தில் வெளியே நழுவும். திரும்பும் ஒளி குறைந்ததும் வைப்பர் ஓடும்.

லேசர் கிடைக்காதவர்கள் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கையில் பிடித்து, மேலிருந்து சாய்வாக உள்சுவரைப் பாருங்கள். சுவர் வெள்ளி போல மின்னும், பிடித்திருக்கும் விரல்கள் தெரியாது. அப்புறம் விரலை ஈரமாக்கி அழுத்துங்கள். கண்ணாடியைத் தொடும் ரேகை மேடுகள் மட்டும் ஒவ்வொன்றாகத் தெரியும். ஒளியால் கைரேகையைப் படிக்கும் கருவிகள் பார்ப்பதும் இதைத்தான்.