பிளாக்செயின் பொருளாதாரத்தில் ஆய்வாளர் ஆவது எப்படி? (ஏஐ-யையும் சேர்த்துத்தான்)

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். எந்த காயின் ஏறும், எது இறங்கும் என்று சொல்வதற்கும் இந்தத் துறைக்கும் சம்பந்தம் கிடையாது. ஒருவரை ஒருவர் நம்பாத ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே கணக்குப் புத்தகத்தை (இதுதான் பிளாக்செயின்) வைத்துக்கொண்டிருக்கும்போது, கட்டணத்தை யார் கட்டுகிறார்கள், அது யாருக்குப் போகிறது, ஏமாற்றினால் எவ்வளவு லாபம், ஒழுங்காக நடந்தால் எவ்வளவு கூலி என்று கணக்குப் போடுகிற வேலை இது. 2008 அக்டோபர் 31 அன்று சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் வந்த பிட்காயின் கட்டுரை மொத்தமே ஒன்பது பக்கம். அதில் ஊக்கத்தொகை பற்றி இருப்பது மூன்றே மூன்று பத்தி. 2013-ல் இட்டாய் எயாலும் எமின் குன் சிரரும் அந்த இடத்தில்தான் கை வைத்தார்கள். கண்டுபிடித்த பிளாக்கை (அந்தக் கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கம் மாதிரி) உடனே வெளியிடாமல் ஒளித்து வைத்தால், மொத்தக் கணினி சக்தியில் பாதிக்கும் குறைவாக வைத்திருக்கும் ஒரு மைனர் கூட்டமே (கூலிக்காகப் புது பிளாக்குகளைச் சேர்ப்பவர்கள்தான் மைனர்கள்) தன் பங்குக்கு மேல் சம்பாதிக்கலாம் என்று காட்டினார்கள். அந்த மூன்று பத்தியை முதலில் படியுங்கள், அப்புறம் இவர்கள் கட்டுரையைப் படியுங்கள். இரண்டையும் படித்த பிறகும் தூக்கம் வராமல் கேள்வி வந்தால், இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவரும்.

அடுத்து எல்லோரும் கேட்பது, எதில் பட்டம் வாங்குவது என்று. பிளாக்செயின் என்றே பெயர் போட்டு விற்கும் முதுகலைப் படிப்புகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இங்கே பெயர் வாங்கியவர்களைப் பாருங்கள், பெரும்பாலோர் வேறெங்கோ ஒரு கருவியை நன்றாகத் தீட்டிக்கொண்டு வந்தவர்கள். டிம் ரஃப்கார்டன் கேம் தியரியில் வருடக்கணக்காக உழைத்து, 2012-ல் கணினி அறிவியல் கோட்பாட்டுக்கான கோடல் பரிசைப் பகிர்ந்துகொண்டு, அதன் பிறகுதான் இந்தப் பக்கம் திரும்பினார். எத்தீரியம் என்ற பிளாக்செயினின் மேல் இயங்கும் ஐகன்லேயரைத் தொடங்கிய ஸ்ரீராம் கண்ணன் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். பெங்களூர் ஐஐஎஸ்சி, அப்புறம் இல்லினாய் என்று போய், தகவல் கோட்பாட்டில் ஊறி, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். ஆகவே பொருளாதாரம், கணினி அறிவியல் இரண்டில் ஒன்றை வேராக வைத்துக்கொண்டு மற்றதில் பேச்சு புரியும் அளவுக்குத் தேறுங்கள். இரண்டிலும் அரைகுறை என்றால் இரண்டு துறைக்காரர்களுமே உங்களை அடுத்த துறைக்காரர் என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள்.

படிக்க வேண்டியதன் பட்டியல் நீளமில்லை: நிகழ்தகவு, லீனியர் அல்ஜீப்ரா, கேம் தியரி, மெக்கானிசம் டிசைன் (நல்ல விளைவு வரும்படி விதிகளை வடிவமைப்பது), எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுக்கான புள்ளியியல்). கூடவே பைத்தான், தரவைத் தேடியெடுக்கும் எஸ்க்யூஎல், எத்தீரியத்துக்கான சாலிடிட்டி ஆகிய மொழிகளின் நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குப் பழக்கம். என்பிடெல்லில் கேம் தியரிப் பாடங்கள் காசில்லாமல் கிடைக்கின்றன, ரஃப்கார்டனின் பிளாக்செயின் வகுப்புகள் யூடியூபிலேயே இருக்கின்றன. வீடியோ பார்த்தால் மட்டும் போதாது, கணக்குகளைக் கையால் போட வேண்டும்.

சரி, முதல் ஆய்வு. எத்தீரியத்தின் கட்டண முறையில் தொடங்கச் சொல்வேன். 2021 ஆகஸ்ட் 5 வரை அது கிட்டத்தட்ட மூடிய உறை டெண்டர் மாதிரி இருந்தது: நீங்கள் ஒரு தொகையைக் குறிப்பிடுகிறீர்கள், பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு போடுவார் என்று உறுதியாகத் தெரியாது, இடம் கிடைத்தால் சொன்ன தொகையை அப்படியே கட்ட வேண்டும். அன்று ‘லண்டன்’ என்ற பெயரில் நடந்த மாற்றத்தில் வந்த இஐபி-1559 என்ற முன்மொழிவு இதை மாற்றியது. இப்போது ஒவ்வொரு பிளாக்குக்கும் அடிப்படைக் கட்டணத்தை நெறிமுறையே (நெட்வொர்க்கின் மென்பொருள் விதி) நிர்ணயிக்கிறது. பிளாக் முழுக்க நிரம்பினால் அடுத்த பிளாக்கில் கட்டணம் 12.5% ஏறும், காலியாக வந்தால் 12.5% இறங்கும். தொடர்ந்து பத்து பிளாக் நிரம்பினால் 1.125-ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள், கட்டணம் மூன்று மடங்கைத் தாண்டிவிடும். 2022 செப்டம்பரில் மெர்ஜ் (மைனர்களுக்குப் பதில் எத்தரைப் பிணையாக வைக்கும் வாலிடேட்டர்கள் பிளாக் சேர்க்கும் முறைக்கு மாறியது) நடந்த பிறகு ஒரு பிளாக்குக்கு 12 நொடி என்பதால், இந்த ஏற்றத்துக்கு இரண்டே நிமிடம் போதும்.

இதில் சுவாரசியமான கேள்வி வேறு: வசூலான அடிப்படைக் கட்டணத்தை ஏன் எரித்துவிடுகிறார்கள், அதாவது யாருக்கும் தராமல் அழித்துவிடுகிறார்கள்? மைனருக்கே (இப்போது வாலிடேட்டருக்கே) கொடுத்தால் என்ன? கொடுத்தால், மைனரும் பயனரும் வெளியே பேசி வைத்துக்கொண்டு அந்தக் கட்டணத்தைப் பெயருக்கு மட்டும் கட்டி, பின்வாசல் வழியாகத் திருப்பிக்கொள்ளலாம். ரஃப்கார்டன் 2020 இறுதியில் எழுதிய ஆய்வு இதை ஒழுங்காக நிறுவியது. அதைப் பிடித்துக்கொண்டு ஹாவ் சுங், எலைன் ஷி இருவரும் இன்னும் ஒரு படி போனார்கள்: பிளாக்கில் இடத்துக்கு வரம்பு இருக்கும்வரை, பயனர் உண்மையான மதிப்பைச் சொல்வதும், மைனர் ஒரே ஒரு பயனரோடுகூடக் கூட்டுச் சேர்ந்து பயனடைய முடியாமல் இருப்பதும், இரண்டும் சேர்ந்து எந்தப் பயனுள்ள கட்டண முறையிலும் அமையாது என்று காட்டினார்கள். ஒருவர் எழுதியதன் கடைசிப் பக்கத்தில் உங்கள் முதல் பக்கம் தொடங்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தரவுப் பக்கம் வருவோம். கூகுளின் தரவுச் சேவையான பிக்குவெரியில் எத்தீரியத்தின் பிளாக்குகளும் பரிவர்த்தனைகளும் பொதுத் தரவாகவே கிடைக்கின்றன. லண்டன் மாற்றம் 1,29,65,000-வது பிளாக்கில் நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் சில வாரங்களை எடுத்து, ஒரே பிளாக்குக்குள் ஆளுக்கு ஆள் கட்டிய கேஸ் விலை (ஓர் அலகு கணிப்பு வேலைக்கான கட்டணம்) எவ்வளவு வேறுபடுகிறது என்று வரைந்து பாருங்கள். இங்கே புதியவர்கள் ஒரு குழியில் விழுவார்கள். செயினில் பதிவாவது இடம் கிடைத்த பரிவர்த்தனைகள் மட்டும்தான். எவ்வளவு நேரம் காத்திருந்தது, எது கடைசிவரை உள்ளே போகாமலே கைவிடப்பட்டது என்பதெல்லாம் அங்கே இருக்காது, அதற்கு மெம்பூல் (இடத்துக்காகக் காத்திருக்கும் பரிவர்த்தனைகளின் வரிசை) தரவு வேண்டும், அதை நெட்வொர்க்கில் ஒரு கணினியை (நோடு) ஓட்டி நீங்களே சேர்க்க வேண்டும் அல்லது சேர்த்து வைத்தவர்களிடம் வாங்க வேண்டும். இன்னொரு சிக்கல், மாற்றம் எல்லோருக்கும் ஒரே நாளில் வந்ததால் ஒப்பிடத் தனிக் குழு இல்லை. ஆனால் பழைய வகைப் பரிவர்த்தனைகளும் தொடர்ந்து செல்லுபடியாயின, வாலட்டுகள் (காயின்களை வைத்து அனுப்பும் செயலிகள்) மெல்ல மெல்லத்தான் புது வகைக்கு மாறின. அந்தத் தாமதத்தைப் பிடியாகப் பயன்படுத்தலாம். 2022-ல் கணினிப் பாதுகாப்பு மாநாடான சிசிஎஸ்-ல் வந்த ஓர் ஆய்வு, மெம்பூல் தரவையும் சேர்த்துப் பார்த்து, காத்திருப்பு குறைந்தது, ஒரே பிளாக்குக்குள் விலை வேறுபாடு குறைந்தது, கட்டணத்தின் அளவு மட்டும் பெரிதாக மாறவில்லை என்று சொன்னது. முதலில் அந்த முடிவுகளை அப்படியே திரும்ப எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். எண்கள் ஒத்துப்போகாத இடத்தில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

ஏஐ எங்கே வருகிறது? இரண்டு வழியில். ஒன்று, ஆய்வுப் பொருளாக. 2020-ல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவில் கால்வானோவும் மூன்று சக ஆய்வாளர்களும், விலை வைக்கப் பழகிய இரண்டு க்யூ-லேர்னிங் (முயன்று தவறித் தானே கற்கும்) நிரல்கள் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசாமலே போட்டி விலைக்கு மேல் விலையை நிறுத்திக்கொள்வதைக் காட்டினார்கள். எத்தீரியத்தில் பிளாக்கில் முன்னிடம் பிடிக்கக் கட்டணத்தை ஏற்றிப் போட்டி போடும் தானியங்கி நிரல்கள் (bots) இருப்பதை ஃபில் டயன் குழுவின் 2019 ஆய்விலிருந்தே நன்றாக அறிவோம். இந்த இரண்டையும் பக்கத்தில் வையுங்கள், இந்த நிரல்களும் பேசாமலே கூட்டுச் சேருமா என்ற கேள்வி தானாக வரும். வாலட் வைத்திருக்கும் ஏஐ ஏஜென்டுகள் பெருகப் பெருக இதற்கு வேலை கூடத்தான் செய்யும்.

இரண்டாவது, கருவியாக. நிரல் எழுத, பழைய ஸ்மார்ட் கான்ட்ராக்டை (செயினிலேயே ஓடும் நிரல்) புரிந்துகொள்ள, நெட்வொர்க் விதிகளை மாற்றுவது பற்றிய ஆயிரக்கணக்கான ஆளுகை விவாதங்களை வகைப்படுத்த மொழி மாடல்கள் உதவும். ஆனால் 2022 மே மாதம் டெர்ரா என்ற கிரிப்டோ நெட்வொர்க் சரிந்ததை மாடல் முன்கூட்டியே கணித்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தச் சரிவைப் பற்றிய செய்தியெல்லாம் அதன் பயிற்சித் தரவிலேயே இருக்கிறது, விடைத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுகிறது. பயிற்சித் தரவு முடிந்த தேதிக்குப் பிறகு நடந்ததை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். அதேபோல் மாடலிடம் ‘நீ ஒரு முதலீட்டாளர்’ என்று சொல்லி வாங்கிய பதில்களை மனிதர்களின் நடத்தை என்று முன்வைத்தால் நல்ல நடுவர் முதல் சுற்றிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

எங்கே வெளியிடுவது என்பதை ஆரம்பத்திலேயே யோசியுங்கள், ஏனென்றால் இரண்டு துறைக்கும் கடிகாரம் வேறு. பிட்காயினைப் பாதுகாக்க ஆகும் தொடர் செலவைப் பற்றி எரிக் புடிஷ் எழுதியது 2018-ல் பணிக்கட்டுரையாக வந்தது. குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸில் அச்சானது 2025-ல். ஃபைனான்ஷியல் கிரிப்டோகிராஃபி, ஏஎஃப்டி மாதிரி மாநாடுகளில் சில மாதங்களில் முடிவு தெரியும். பொருளாதாரத்தில் பெயர்கள் வழக்கமாக அகர வரிசையில் வரும், கணினிப் பாதுகாப்பில் அதிகம் உழைத்தவர் பெயர் முன்னால் வரும். கூட்டாகச் செய்யும்போது இதை வேலை தொடங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள், முடித்த பிறகு பேசினால் மனக்கசப்பு. பிஎச்டி வழிகாட்டிக்கு எழுதும் மின்னஞ்சலில் ‘உங்கள் ஆய்வில் ஆர்வம்’ என்று மட்டும் போட்டால் பதில் வராது; அவருடைய கட்டுரையின் ஒரு படத்தை நீங்கள் திரும்பப் போட்டு, எங்கே ஒத்துவந்தது, எங்கே வரவில்லை என்று நாலு வரி எழுதி, நிரலின் இணைப்பையும் கொடுங்கள்.

கடைசியாகக் காசு. பல்கலைக்கழகம் தவிர, எத்தீரியம் ஃபவுண்டேஷன் கல்வி ஆய்வுகளுக்கு நிதி கொடுக்கிறது, முதலீட்டு நிறுவனமான ஏ16இசட் கிரிப்டோ போன்ற இடங்களில் ஆய்வுப் பயிற்சி வேலைகள் உண்டு. உதவித்தொகை டோக்கனாக (கிரிப்டோ காயினாக) வந்தால் இரண்டு விஷயம். இந்தியாவில் இருந்தால், 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ விற்ற லாபத்துக்கு 30% வரி, அதே ஆண்டு ஜூலை முதல் 1% டிடிஎஸ் பிடித்தம். டோக்கன் கைக்கு வரும்போதே அது வருமானக் கணக்கில் வரும் என்பதால் கையெழுத்துப் போடும் முன்பே ஓர் ஆடிட்டரைப் பாருங்கள். இரண்டாவது, ஒரு நெட்வொர்க்கைப் பற்றி எழுதும்போது அதன் டோக்கன் உங்களிடம் இருந்தால் கட்டுரையின் முதல் பக்கத்து அடிக்குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள். வாலட் முகவரிகள் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற ஊர் இது, நீங்கள் சொல்லாவிட்டாலும் யாராவது தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள்.