எந்த பிரெட் அதிகம் பதப்படுத்தப்பட்டது? உறையைப் படித்து ஒப்பிடும் முறை

பிரெட் செய்ய மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கும் போதும். ஆகவே இரண்டு பிரெட்டுகளை ஒப்பிடும்போது, இந்த நான்குக்கு மேல் ஒவ்வொன்றிலும் என்னென்ன சேர்ந்திருக்கின்றன, அவை எதற்காகச் சேர்க்கப்பட்டன என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோவின் குழு உருவாக்கிய நோவா வகைப்பாடு, உணவுகளை அவை பதப்படுத்தப்பட்ட அளவைக் கொண்டு நான்கு பிரிவுகளாக்குகிறது. அது இந்த நான்கைக் கொண்டு சுட்ட எளிய பிரெட்டை மூன்றாம் பிரிவிலும், எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்திருக்கச் செய்யும் குழம்பாக்கி (எமல்சிஃபையர்) போன்றவற்றைச் சேர்த்து ஆலையில் தயாரித்த பிரெட்டை மிகைப் பதப்படுத்திய உணவுகளுக்கான நான்காம் பிரிவிலும் வைக்கிறது.

உறையின் முன்பக்கத்தில் உள்ள கோதுமைக் கதிர் படத்தையும் 'பிரவுன்', 'மல்டிகிரெய்ன்' என்ற சொற்களையும் பொருட்படுத்தாமல், பின்பக்கத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமானது அதில் முதலில் வரும். 'சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு' என்று தொடங்கினால் அது மைதாதான். சேர்க்கைப் பொருட்களை உறையில் எண்ணால் குறிப்பதுண்டு. மைதாவுடன் 150 என்று தொடங்கும் எண்ணும் இருந்தால், பழுப்பு நிறத்தில் காரமெல் நிறமிக்கும் பங்கு உண்டு என்று கொள்ளலாம்.

அடுத்து எண்களைக் கவனியுங்கள். 282 என்பது பூஞ்சை பிடிக்காமல் காக்கும் கால்சியம் புரோப்பியோனேட். 471, 481 ஆகியவை பிரெட்டைப் பல நாள் மெத்தென்று வைத்திருக்கும் குழம்பாக்கிகள். எண்ணாக எழுதியதெல்லாம் அஞ்சத் தக்கதல்ல, 300 என்பது வைட்டமின் சி-தான். என்னைக் கேட்டால், எத்தனை எண்கள் இருக்கின்றன என்பதைவிட, குழம்பாக்கி இருக்கிறதா என்பதே நல்ல அடையாளம். வீட்டில் பிரெட் சுடுபவர் யாரும் அதை வாங்கி வைப்பதில்லை.

பட்டியலில் தெரியாத ஒன்றும் உண்டு, மாவு புளிக்க விட்ட நேரம். இங்கிலாந்தில் 1961-இல் உருவான சார்லிவுட் முறை, மாவை மிக வேகமாகப் பிசைந்து, பல மணி நேரப் புளிப்பைப் பெரிதும் குறைத்துவிட்டது. 'சவர்டோ' (இயற்கையாகப் புளிக்க வைத்த மாவில் சுடும் பிரெட்) என்று விற்கும் பிரெட்டில் வினிகரும் ஈஸ்ட்டும் இருந்தால், அதன் புளிப்பு நீண்ட நேரம் நொதித்து வந்ததுதானா என்று ஐயப்பட இடமுண்டு.

தெருமுனை பேக்கரியில் சுட்ட பிரெட்டில் இப்படி விவரமான பட்டியலை எதிர்பார்க்க முடியாது என்பதால், 'இம்ப்ரூவர் (மாவின் தன்மையை மேம்படுத்தச் சேர்க்கும் கலவை) போடுகிறீர்களா?' என்று கேட்டுவிடுவது நல்லது. முன்பு மாவை வலுப்படுத்தச் சேர்த்து வந்த பொட்டாசியம் புரோமேட்டுக்கு இந்தியாவில் 2016-இலேயே தடை வந்துவிட்டது. புழுக்கமான நாட்களில் வெளியே வைத்தும் ஒரு வாரம் பூஞ்சை பிடிக்காத பிரெட்டில் பெரும்பாலும் பதப்பொருள் இருக்கும்.

பதப்படுத்தலும் சத்தும் வேறு வேறு கேள்விகள் என்பதையும் மறக்கக் கூடாது. பேக்கரியில் எளிமையாகச் சுட்ட மைதா பிரெட் குறைவாகப் பதப்படுத்தப்பட்டது, ஆனால் அதில் நார்ச்சத்து குறைவு. ஆலையில் தயாரான முழுக்கோதுமை பிரெட் நான்காம் பிரிவில் இருந்தாலும் நார்ச்சத்து அதில் கூடுதலாக இருக்கலாம். நார்ச்சத்தையும் சோடியத்தையும் ஒப்பிடும்போது 100 கிராமுக்கான அளவையே பாருங்கள், ஏனெனில் ஒவ்வொரு நிறுவனமும் துண்டை வெவ்வேறு கனத்தில் வெட்டுகிறது.