புது டயருக்கு எவ்வளவு காற்று? பலரும் செய்யும் தவறுகள்

மழைக்காலம் தொடங்கும் முன் என் 150 சிசி பைக்கின் பின் டயரை மாற்றினேன். கடையிலிருந்து வீட்டுக்கு நான்கு கிலோமீட்டர்தான். ஆனால் அன்றுவரை கண்ணில்கூடப் படாத சின்ன மேடுகள் எல்லாம் முதுகில் வந்து இடித்தன. புது டயர் அப்படித்தான் இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மறுநாள் காலை டயரின் காற்றழுத்தத்தை அளந்து பார்த்தேன். 44 பிஎஸ்ஐ! நான் தனியாக ஓட்டும்போது அந்தச் சக்கரத்துக்கு வேண்டியது 28.

இதற்குக் காரணம் இருக்கிறது. டியூப்லெஸ் டயரை மாட்டும்போது அதன் இரண்டு விளிம்புகளும் ரிம்மின் ஓரத்தில் போய் உட்கார வேண்டும். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வழக்கத்தைவிட அதிகக் காற்றை அடித்தால், ‘டப்’, ‘டப்’ என்று இரண்டு முறை சத்தம் கேட்கும். டயர் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த அழுத்தம் டயரைப் பொருத்துவதற்கு மட்டுமே, ஓட்டுவதற்கு அல்ல. பொருத்திய பிறகு காற்றைக் குறைத்தே வண்டியைக் கொடுக்க வேண்டும். கடையில் நான்கு பேர் காத்திருந்தால் அது எளிதில் விட்டுப்போகும். ஆகவே வண்டியை எடுக்கும் முன், “எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் அண்ணா?” என்று கேட்டு, காற்றை அளக்கும் கேஜை உங்கள் கண்முன்னே வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த தவறு, டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்துக் காற்று அடிப்பது. புது டயரில் எழுத்துகள் பளிச்சென்று தெரிவதால் பலர் இதில் ஏமாறுகிறார்கள். அங்கே 280 கேபிஏ (கிலோபாஸ்கல்), அதாவது 41 பிஎஸ்ஐ என்பதுபோல் ஓர் அளவு இருக்கும். அதிகபட்சச் சுமையைத் தாங்க அந்த டயருக்கு வேண்டிய அழுத்தம் அது. ஒரே டயரைப் பல பைக்குகளில் மாட்டலாம். உங்கள் வண்டியின் எடை என்ன, சஸ்பென்ஷன் எப்படி என்பதெல்லாம் டயருக்குத் தெரியாது. உங்களுக்கு வேண்டிய எண் வண்டியின் கையேட்டில் இருக்கிறது. பல வண்டிகளில் செயின் கவரிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கராகவும் ஒட்டியிருப்பார்கள். பல 150 சிசி பைக்குகளில் முன்னால் 25, பின்னால் தனியாகச் சென்றால் 28, இருவர் சென்றால் 32 என்ற அளவில் இருக்கும். ஸ்டிக்கரில் 2.0, 2.25 என்று சிறிய எண்களைக் கண்டு குழம்ப வேண்டாம். அது சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு, 14.2-ஆல் பெருக்கினால் பிஎஸ்ஐ வந்துவிடும்.

முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவாக ‘முப்பது வைத்துவிடுங்கள்’ என்பவர்கள் ஏராளம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி முன்னால் சாய்கிறது. தரையைப் பிடிப்பது உள்ளங்கை அகல ரப்பர்தான். அதிகக் காற்று அதையும் குறைத்துவிடுகிறது. மழையில் நனைந்த சாலையில் இந்த விஷயத்தில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. புது டயர் வழுக்கும் என்று கேள்விப்பட்டு, பிடிமானத்துக்காக நாலைந்து பிஎஸ்ஐ குறைத்து ஓட்டுகிறார்கள். புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பது உண்மை. அது தேய்ந்து சொரசொரப்பாக முதல் 150, 200 கிலோமீட்டர் வரை ஆகும். அதுவரை வளைவில் அதிகம் சாய்க்காமல், திடீர் பிரேக் போடாமல் ஓட்டுவதுதான் வழி. காற்றைக் குறைத்தால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், ஹேண்டில் கனக்கும், பள்ளத்தில் இறங்கினால் ரிம் நெளியும். வழவழப்பு மட்டும் போகாது.

எப்போது அளக்கிறோம் என்பதும் முக்கியம். கையேட்டில் இருக்கும் எண், டயர் குளிர்ந்திருக்கும் நிலைக்கானது. அதாவது வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். டயருக்குள் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். மே மாத மதியத்தில் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பெட்ரோல் பங்க்கில் பார்த்தால் 28 என்பது 32 ஆகத் தெரியலாம். அதைக் கண்டு காற்றைத் திறந்துவிட்டால் மறுநாள் காலை 24-தான் இருக்கும். நான் செய்வது இதுதான்: காலையில் வீட்டிலேயே என் கேஜில் அளந்துகொள்வேன். மூன்று குறைந்தால், பங்க்கில் என்ன காட்டினாலும் அதற்கு மேல் மூன்று ஏற்றச் சொல்வேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கேஜ் ஒன்று வண்டியோடு இருக்கட்டும். காலால் உதைத்துப் பார்ப்பதும் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பதும் 20-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசத்தைக்கூடக் காட்டாது.

ஊட்டிக்குப் போவதென்றால் காற்றைக் குறைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். மலையில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் சுமார் மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும்தான். ஆனால் அங்குள்ள குளிர் ஏறக்குறைய அதே அளவைக் குறைத்துவிடுகிறது. மேட்டுப்பாளையத்தில் சரியாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். நைட்ரஜன் அடித்தால் அளக்கவே வேண்டாம் என்பதும் தவறு. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

டயர் மாற்றும்போது வால்வையும் மாற்றச் சொல்லுங்கள். பழைய ரப்பர் வால்வில் விரிசல் விட்டிருந்தால் அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் நிற்காது. மாட்டிய மறுநாள் காலை ஒருமுறை, பிறகு ஒரு வாரம் கழித்து ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டு மூன்று குறைந்திருந்தால் வால்வின் அடியிலும் ரிம் ஓரத்திலும் சோப்பு நுரையைத் தடவிக் கொஞ்சம் பொறுங்கள். கடுகளவு குமிழ் ஒன்று ஒரே இடத்தில் மெல்ல ஊதிக்கொண்டே வரும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு வண்டியைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.