எழுத்துப் பிழை இருந்தாலும் மெயில் வந்து சேரும்: சொந்த டொமைனில் கேட்ச்-ஆல் வைப்பது எப்படி?

ஏற்காட்டில் என் சித்தப்பாவுக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம். ஊடே மிளகுக் கொடி, நிழலுக்குச் சில்வர் ஓக் மரங்கள். கொட்டையை வியாபாரியிடம் போட்டுவிட்டுக் கொடுத்த காசை வாங்கி வருவதுதான் இத்தனை வருஷப் பழக்கம். போன சீசனில், வறுத்து அரைத்துப் பாக்கெட் போட்டு நேராகவே விற்கலாம் என்று இறங்கினார். டொமைன் (இணையத்தில் நமக்கென்று ஒரு பெயர்; மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வருவது) வாங்கி, ஒரு பக்க வெப்சைட் போட்டுக் கொடுத்தது நான். விசிட்டிங் கார்டு சேலத்தில் ஒரு அச்சகத்தில் 500 அடித்தார்.

20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வீடு வந்து கட்டைப் பிரித்தபோதுதான் பார்த்தோம். 'ஆர்டர்' என்று இருக்க வேண்டிய மெயில் முகவரியில் நடுவில் வரும் ஆங்கில 'டி' விழவே இல்லை. வாய்விட்டுப் படித்தால் 'ஆரர்'.

"ஏன் கண்ணு, ஒரு எழுத்துதானே, புரிஞ்சுக்க மாட்டாங்களா?" என்றார் சித்தப்பா.

மனுஷன் புரிந்துகொள்வான், மெயில் சர்வர் புரிந்துகொள்ளாது. அப்படி ஒரு முகவரியே இல்லை என்று 550 எண்ணோடு ஒரு மறுப்பை அனுப்பியவருக்கே திருப்பிவிடும். நமக்கு ஒருவர் எழுதினார் என்பதே நமக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் சித்தப்பாவின் டொமைனுக்குக் கேட்ச்-ஆல் போட்டுக் கொடுத்தேன். அதை எப்படிச் செய்வது என்பதை முதன்முறை செய்பவருக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

கேட்ச்-ஆல் என்றால் என்ன?

உங்கள் டொமைனில் ஆர்டர்@உங்கள்டொமைன்.இன் என்று ஒரே ஒரு முகவரிதான் உண்டாக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். யாரோ ஒருவர் சேல்ஸ்@, இன்ஃபோ@, காபி@ என்று அவராக ஊகித்து எழுதுகிறார். கேட்ச்-ஆல் இல்லாவிட்டால் அத்தனையும் திரும்பிப் போகும். இருந்தால், @-க்கு முன்னால் என்ன எழுதியிருந்தாலும் நீங்கள் சொல்லும் ஒரு பெட்டியில் வந்து விழும். கதவு எண் தப்பாக இருந்தாலும் தெருப்பெயரைப் பார்த்துக் கடிதத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் பழைய தபால்காரரைப் போல.

நம் ஆட்களுக்கு இது கூடுதலாகவே தேவை. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னால் ஆளுக்கொரு விதமாக எழுதுவோம். 'கொலுசு' என்பதை ஒருவர் 'கே'யில் தொடங்குவார், இன்னொருவர் 'ஜி'யில். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பருக்கு இந்த ஒரு சொல்லே நாலு எழுத்துக்கூட்டலில் வந்திருக்கிறது. ஏற்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பலகையில் இருக்கும் ஆங்கிலப் பெயரைப் பார்க்காதவர், காதில் கேட்டதை வைத்து எழுதினால் 'ஒய்'யில் தொடங்கவே மாட்டார்.

ஆனால் ஒன்று: @-க்குப் பின்னால் பிழை வந்தால் கேட்ச்-ஆல் காப்பாற்றாது. அது வேறு டொமைன், வேறு ஆளுடைய வீடு. ஊர்ப்பெயரையோ இரண்டு விதமாக எழுதக்கூடிய சொல்லையோ டொமைனில் வைக்காதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். ஏற்கெனவே வைத்துவிட்டால், அடுத்த எழுத்துக்கூட்டலையும் வாங்கிப் போட்டுவிடுவது நல்லது.

தொடங்குவதற்கு முன்: உங்கள் மெயில் இப்போது எங்கே இருக்கிறது?

இதைத் தவறவிட்டுவிட்டுத்தான் பலர் இருந்த மெயிலையும் இழக்கிறார்கள். ஒரு டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்வது எம்எக்ஸ் ரெக்கார்டு. கூகுள் வொர்க்ஸ்பேஸ், ஸோஹோ மெயில், வெப்சைட் ஹோஸ்டிங்கோடு வந்த சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம்) என்று ஏதாவது ஒன்றில் ஏற்கெனவே பெட்டி இருந்தால், கேட்ச்-ஆலையும் அங்கேயே போடுங்கள். இரண்டு நிறுவனங்களின் எம்எக்ஸை ஒரே டொமைனில் கலந்து வைத்தால் சில மெயில் அங்கே, சில மெயில் இங்கே என்று சிதறும்.

எந்தப் பெட்டியும் இல்லை, டொமைன் மட்டும்தான் இருக்கிறது, வருவதெல்லாம் என் ஜிமெயிலுக்கே வந்தால் போதும் என்பவருக்குக் கிளவுட்ஃப்ளேர் என்ற நிறுவனத்தின் இமெயில் ரூட்டிங் (வரும் மெயிலை வேறு பெட்டிக்குத் திருப்பிவிடும் சேவை) போதும். 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள், காசு கிடையாது. சித்தப்பாவுக்கு அதைத்தான் போட்டேன்.

படி 1: டொமைனைக் கிளவுட்ஃப்ளேருக்குக் கொண்டுவருதல்

கிளவுட்ஃப்ளேரில் கணக்குத் தொடங்கி, டொமைன் பெயரைக் கொடுத்து, 'ஃப்ரீ' திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். இப்போது இருக்கும் டிஎன்எஸ் ரெக்கார்டுகளை (வெப்சைட், மெயில் எல்லாம் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் குறிப்புகள்) அது தானாகவே துழாவி எடுத்துப் பட்டியல் போடும். அந்தப் பட்டியலை அப்படியே நம்பிவிடாதீர்கள். டொமைன் வாங்கிய இடத்தில் இருக்கும் பட்டியலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒன்று விடுபட்டாலும் வெப்சைட் படுத்துவிடலாம்.

அப்புறம் இரண்டு நேம்சர்வர் (அந்தக் குறிப்புகளை வைத்திருந்து, கேட்பவருக்குச் சொல்லும் சர்வர்) பெயர் தரும். டொமைன் வாங்கிய தளத்தில் உள்நுழைந்து, பழைய நேம்சர்வர்களை எடுத்துவிட்டு இந்த இரண்டையும் போடுங்கள். அங்கே டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில் போலி அல்ல என்று உறுதிசெய்யும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருந்தால் முதலில் அதை நிறுத்திவிட வேண்டும்; இல்லாவிட்டால் டொமைனே திறக்காமல் போகும். மாற்றம் பரவச் சில நிமிஷமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். 'ஆக்டிவ்' என்று வந்த பிறகு அடுத்த படி.

படி 2: மெயில் போய்ச் சேர வேண்டிய பெட்டி

உங்கள் டொமைனுக்குள் போய் 'இமெயில் ரூட்டிங்' பகுதியைத் திறங்கள். மெனுவை அவ்வப்போது இடம் மாற்றுவார்கள். கண்ணில் படாவிட்டால் மேலே உள்ள தேடல் பெட்டியில் தேடுங்கள். முதலில் ஒரு 'கஸ்டம் அட்ரஸ்' கேட்கும். உண்மையிலேயே பயன்படுத்தப்போகும் முகவரியை, அதாவது ஆர்டர் என்பதை, இங்கே போடுங்கள். 'டெஸ்டினேஷன்' என்ற இடத்தில் உங்கள் ஜிமெயில்.

அந்த ஜிமெயிலுக்கு உறுதிப்படுத்தும் மெயில் ஒன்று வரும். அதில் உள்ள இணைப்பை அழுத்தினால்தான் வேலை நடக்கும். இன்பாக்ஸில் இல்லையென்றால் ஸ்பாமில் பாருங்கள்.

படி 3: ரெக்கார்டுகள்

தேவையான எம்எக்ஸ் ரெக்கார்டுகளையும் எஸ்பிஎஃப்க்கான (இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்வது) டிஎக்ஸ்டி என்ற எழுத்து ரெக்கார்டையும் கிளவுட்ஃப்ளேரே சேர்த்துத் தரும். நீங்கள் ஒப்புதல் பொத்தானை அழுத்தினால் போதும். பழைய எம்எக்ஸ் எதுவும் இருந்தால் நீக்கச் சொல்லும், நீக்கிவிடுங்கள். எஸ்பிஎஃப் மட்டும் கவனம்: ஒரு டொமைனுக்கு அது ஒன்றுதான் இருக்க வேண்டும். முன்பே ஒன்று இருந்தால் இரண்டையும் ஒரே வரியாகச் சேர்க்க வேண்டும். இரண்டு வரி இருந்தால் பெறுபவரின் சர்வர் இரண்டையுமே ஏற்காது.

படி 4: கேட்ச்-ஆலை இயக்குதல்

இத்தனை தூரம் வந்தது இதற்காகத்தான், ஆனால் வேலை என்னவோ இரண்டு அழுத்தல்தான். 'ரூட்டிங் ரூல்ஸ்' பக்கத்தில் 'கேட்ச்-ஆல் அட்ரஸ்' என்று ஒரு வரி, அணைந்த நிலையில் இருக்கும். 'எடிட்' அழுத்தி, செயல் என்ற இடத்தில் 'செண்ட் டு அன் இமெயில்' என்பதைத் தேர்ந்து, பெட்டியைக் காட்டி, சேமித்து, சுவிட்சைப் போடுங்கள். சேமித்துவிட்டுச் சுவிட்சைப் போட மறப்பவர்கள் உண்டு. ஒரு தடவை திரும்பப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி விஷயத்தில் என் யோசனை: கேட்ச்-ஆலுக்குத் தனியாக ஒரு ஜிமெயில் தொடங்கி அங்கே அனுப்புங்கள். முறையான முகவரிக்கு வரும் ஆர்டரும், ஊகத்தில் வரும் குப்பையும் ஒரே இடத்தில் கலக்க வேண்டாம். தனிக்கணக்கு தொல்லை என்றால், ஜிமெயிலில் ஃபில்டர் போட்டு 'டு' என்ற இடத்தில் உங்கள் டொமைனைக் கொடுத்து ஒரு லேபிளாவது ஒட்டிவிடுங்கள். 'ஸ்பாமுக்கு அனுப்பாதே' என்ற கட்டத்தில் மட்டும் டிக் போடாதீர்கள், வருத்தப்படுவீர்கள்.

படி 5: சோதனை, அதில் நான் விழுந்த குழி

சுவிட்சைப் போட்டதும் அதே ஜிமெயிலிலிருந்து, கார்டில் இருக்கும் பிழையான முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பினேன். வரவில்லை. இன்னொன்று. வரவில்லை. எம்எக்ஸை அழித்துத் திரும்பப் போட்டேன். வெளியே பனி இறங்கி, சிக்னல் ஒரு கோட்டுக்கு வந்துவிட்டது. சித்தப்பா இரண்டு தடவை காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை, "சாமி, நாளைக்குப் பாத்துக்கலாம், சாப்பிட வா" என்றார்.

விஷயம் இதுதான். ஜிமெயில், நீங்களே அனுப்பிய மெயில் சுற்றிக்கொண்டு உங்களிடமே திரும்பி வந்தால், அது ஏற்கெனவே 'செண்ட்' பகுதியில் இருக்கிறதே என்று இன்பாக்ஸில் காட்டாது. ஒரே மெயிலின் இரண்டாவது பிரதி என்று நினைத்துக்கொள்ளும். மெயில் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான்தான் வராத இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன். சித்தியின் போனிலிருந்து ஒன்று அனுப்பியதும் சட்டென்று வந்து விழுந்தது.

ஆகவே வேறொரு கணக்கிலிருந்து அனுப்பிப் பாருங்கள். முறையான முகவரிக்கு ஒன்று, வாய்க்கு வந்த எழுத்தைத் தட்டி ஒன்று. இரண்டும் வந்தால் முடிந்தது. வராவிட்டால், இமெயில் ரூட்டிங் பக்கத்திலேயே எது வந்தது, எது தடுக்கப்பட்டது என்று ஒரு பதிவேடு இருக்கும், அதைப் பாருங்கள்.

வேறு இடத்தில் மெயில் இருப்பவர்களுக்கு

சிபேனல்: 'இமெயில்' பகுதியில் 'டிஃபால்ட் அட்ரஸ்' என்று இருக்கும். கேட்ச்-ஆல் என்று பெயர் இருக்காது, அதனால்தான் பலர் கண்டுபிடிப்பதில்லை. டொமைனைத் தேர்ந்து, 'ஃபார்வர்டு டு இமெயில் அட்ரஸ்' என்பதில் பெட்டியைக் கொடுங்கள்.

கூகுள் வொர்க்ஸ்பேஸ்: அட்மின் கன்சோலில் ஜிமெயில் அமைப்புகளுக்குள் 'டிஃபால்ட் ரூட்டிங்'. எல்லாப் பெறுநருக்கும் என்று ஒரு விதி சேர்த்து, பெறுநர் முகவரியை உங்கள் பெட்டிக்கு மாற்றச் சொல்லி, கீழே 'அறியப்படாத முகவரிகளுக்கு மட்டும்' என்ற பொருளில் இருக்கும் தேர்வை மறக்காமல் போடுங்கள். அதை விட்டால் அலுவலகத்தில் எல்லோருடைய மெயிலும் உங்கள் பெட்டிக்கு வந்துவிடும்.

ஸோஹோ: அட்மின் கன்சோலில் 'டொமைன்ஸ்', உங்கள் டொமைன், 'இமெயில் கான்ஃபிகரேஷன்', அதற்குள் 'கேட்ச்-ஆல்'.

குப்பை வரும், தயாராக இருங்கள்

ஸ்பாம் அனுப்புபவர்கள் அகராதியை வைத்துக்கொண்டு அட்மின்@, அக்கவுண்ட்ஸ்@, கிடைத்த ஆள்பெயர்@ என்று வரிசையாக அடித்துப் பார்ப்பார்கள். கேட்ச்-ஆல் இல்லாதபோது எல்லாம் சுவரில் மோதித் திரும்பும். இப்போது கதவு திறந்திருக்கிறது. ஏதாவது ஒரு முகவரிக்கு மட்டும் குப்பை குவிந்தால், அதே பெயரில் ஒரு கஸ்டம் அட்ரஸ் உண்டாக்கி, செயலை 'டிராப்' என்று வையுங்கள். அது கேட்ச்-ஆலுக்கு முன்பாகவே தடுத்துவிடும். அந்தப் பெட்டியில் தானியங்கிப் பதில் எதையும் வைக்காதீர்கள். ஸ்பாமில் இருக்கும் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய், உங்கள் பதில் போய் யாரோ அப்பாவியைத் தொந்தரவு செய்யும்.

இதிலேயே ஒரு லாபமும் உண்டு. பாக்கெட் உறை வாங்கும் கடைக்கு உறை@, கூரியருக்குக் கூரியர்@ என்று ஒவ்வொருவருக்கும் ஒரு முகவரி கொடுக்கலாம். முன்கூட்டி உண்டாக்கக்கூட வேண்டாம். நாளைக்கு உறை@ முகவரிக்குக் கடன் வேண்டுமா என்று மெயில் வந்தால், உங்கள் முகவரி யார் கையிலிருந்து கசிந்தது என்று தெரிந்துவிடும்.

இரண்டு விஷயம் மறக்காதீர்கள்

இமெயில் ரூட்டிங் வாங்கித் தரும், அனுப்பாது. ஜிமெயிலில் வந்த மெயிலுக்குப் பதில் போட்டால் உங்கள் ஜிமெயில் முகவரியிலிருந்துதான் போகும். டொமைன் பெயரிலேயே பதில் போக வேண்டும் என்றால் காசு கொடுத்து ஒரு பெட்டி வாங்குவதுதான் நிம்மதி. சித்தப்பா அதற்கெல்லாம் கவலைப்படவில்லை; மெயிலில் இருக்கும் நம்பருக்குப் போன் போட்டுவிடுகிறார்.

இரண்டாவது, டொமைன் வாங்கிய கணக்கின் தொடர்பு மெயிலாக அதே டொமைனின் முகவரியைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் எச்சரிக்கை மெயிலே உங்களுக்கு வராது. அதைவிட மோசம், விட்டுப்போன டொமைனை வேறு ஒருவர் வாங்கிக் கேட்ச்-ஆல் போட்டால், நீங்கள் அந்த முகவரியில் பதிந்து வைத்த ஒவ்வொரு கணக்கின் பாஸ்வேர்டு மாற்றும் மெயிலும் அவர் கைக்குப் போகும். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டு வையுங்கள். பேங்க் கணக்கை இந்த முகவரியில் வைக்க வேண்டாம்.

சித்தப்பாவின் கேட்ச்-ஆல் பெட்டியை மாதம் ஒரு தடவை திறந்து பார்க்கிறேன். 'ஆரர்' முகவரிக்குத்தான் அதிகம் வருகிறது, அதனால் அதையும் ஒரு கஸ்டம் அட்ரஸாகவே ஆக்கிவிட்டேன். போன வாரம் அந்த முகவரிக்குப் பெங்களூரிலிருந்து ஒருவர் 2 கிலோ மிளகு கேட்டிருந்தார். கார்டு இன்னும் ஒரு கட்டு பாக்கி இருக்கிறது.